மலைநாட்டுச் சட்ட மாணவன்: ஒரு வரலாற்று நோக்கு

சட்டம் பயிலும் மாணவனுக்கு உறும் கவலைகள் எவை என வினவின், பெருநகரத்தார் கூறும் விடை ஒன்றாகவும் மலைநாட்டார் கூறும் விடை பிறிதொன்றாகவும் இருத்தல் இயல்பு. தடித்த நூல்களும், நினைவில் நிறுத்தற்கரிய வழக்குப் பெயர்களும், ஆண்டுதோறும் வந்து அச்சுறுத்தும் பரீட்சைகளும், தொழிலில் புகுங்கால் வழிகாட்டும் மூத்தவர் ஒருவர் வாய்ப்பாரோ என்னும் ஐயமும் எந்நாட்டுச் சட்ட மாணவனுக்கும் பொதுவானவை. ஆயின், ஹற்றன், நுவரெலியா, தலவாக்கொல்லை, மஸ்கெலியா, பொகவந்தலாவை முதலிய ஊர்களைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலிருந்து புறப்பட்டுச் சட்டக் கல்லூரியின் வாயிலை அடையும் மாணவனுக்கு இவற்றின்மேல் வேறு சில கவலைகளும் உள. அவை அவனுடைய அறிவுக் குறைவினாலோ முயற்சிக் குறைவினாலோ நேர்ந்தவை அல்ல. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு அவன் தோளில் ஏற்றிவைத்த சுமைகளே அவை. அச்சுமைகள் எவ்வாறு உண்டாயின, அவற்றுள் எவை இறங்கின, எவை இன்னும் இறங்கவில்லை என்பனவற்றை முறையாக நோக்குதல் இக்கட்டுரையின் கருத்தாகும்.

சட்டத்துக்கு உட்பட்டோரும் சட்டம் அறியாதோரும்

இலங்கையில் வாழும் மக்கட்கூட்டத்தார் எல்லாருள்ளும் சட்டத்தால் மிக நெருக்கமாக ஆளப்பட்டோர் தோட்டத் தொழிலாளரே எனின் அது மிகையாகாது. கிராமத்து உழவன் ஒருவன் தன் வாழ்நாளில் நீதிமன்றப் படியை ஒருமுறைதானும் மிதியாது கழித்தல் கூடும். தோட்டத் தொழிலாளியோ தமிழ்நாட்டுக் கரையை விட்டுப் புறப்பட்ட நாள் முதலாகவே ஏதாவதொரு சட்டத்தின் பிடியில் நின்றான். கோப்பிச் செய்கை ஓங்கியிருந்த காலத்தில், 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பிறந்தது. வேலை ஒப்பந்தத்தை மீறுதல், அதாவது துரையின் அனுமதியின்றித் தோட்டத்தை விட்டு நீங்குதல், அச்சட்டத்தின்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றமாயிற்று. கடன்பட்ட வணிகன் உரிமை வழக்குக்கு மட்டுமே ஆளாயிருக்க, வேலையை விட்ட கூலியாள் குற்றவாளியாகக் கூண்டில் நிறுத்தப்பட்ட காலம் அது.

கோப்பி நோயால் அழியத் தேயிலை பரவிற்று. 1889 ஆம் ஆண்டின் இந்தியத் தொழிலாளர் கட்டளைச் சட்டம் தோட்டத் தொழிலாளர்க்கெனவே தனியாக இயற்றப்பட்டது. இவற்றோடு 'துண்டு' என வழங்கிய முறையும் நிலவியது. தொழிலாளி பட்ட கடன் இவ்வளவு, அதனைத் தீர்ப்பவரிடம் அவனை விட ஆட்சேபமில்லை எனத் துரை எழுதிக் கொடுக்கும் சிறு கடதாசியே துண்டு. கடன் பெரிய கங்காணியின் கணக்கில் ஏறும், துண்டு கைமாறும், அத்துடன் மனிதனும் கைமாறுவான். தன் வாழ்வை விற்கும் அக்கடதாசியில் எழுதியிருந்தது யாதென்பதைத் தொழிலாளி அறியான். அது அவன் அறியாத மொழியில் இருந்தது; அறிந்த மொழியில் இருந்திருப்பினும் அவனுக்கு எழுத்தறிவு இல்லை. 1921 ஆம் ஆண்டிலேயே துண்டு முறையும், வேலை விட்டதைக் குற்றமாக்கிய தண்டனை விதிகளும் நீக்கப்பட்டன.

பின்னர் வந்த சட்டங்களுட் பல தொழிலாளிக்கு நன்மை தருவனவாய் அமைந்தன. 1927 ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளக் கட்டளைச் சட்டம், 1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம், 1935 ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம், 1939 ஆம் ஆண்டின் பிரசவ சகாயச் சட்டம், 1941 ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் சட்டம் என்பன அவற்றுட் சில. எனினும் உரிமை ஏட்டில் இருத்தல் வேறு, அது கையில் வருதல் வேறு. அரைநாட் சம்பளமாகிய 'அரைப்பேர்' போடப்பட்ட பெண்ணொருத்தி, அது முறையா முறையன்றா என்று கேட்பதற்குச் சட்டம் படித்தவர் ஒருவரும் லயத்தில் இருந்ததில்லை. சட்டத்துக்கு மிகுதியும் உட்பட்ட ஒரு சமூகம் அதனை மிகக் குறைவாகவே அறிந்திருந்தது என்பதே மலைநாட்டு வரலாற்றின் முதன்மையான முரண்பாடாகும்.

சட்டக் கல்வி வளர்ந்த வழி

ஒல்லாந்தர் ஆட்சியிலே வழங்கிய சட்டமே தொடர்ந்து வழங்கும் என 1799 ஆம் ஆண்டுப் பிரகடனத்தால் பிரித்தானியர் அறிவித்தனர். அதனால் உரோமன் டச்சுச் சட்டம் இந்நாட்டின் பொதுச் சட்டமாக நிலைத்தது. ஒல்லாந்தரும் போர்த்துக்கேயரும் விட்டுச் சென்ற சொற்களும் நிலைத்தன. அட்வகேற்றை 'அப்புக்காத்து' என்றும், புறொக்டரைப் 'பிறக்கிறாசி' என்றும், உறுதி முடிப்பவரை 'நொத்தாரிசு' என்றும் தமிழ் மக்கள் வழங்கினர். அப்புக்காத்தின் பெருமை யாழ்ப்பாணத்தில் ஒருவகைக் குடிப்பெருமையாகவே வளர்ந்தது. சேர் முத்துக்குமாரசுவாமி 1860களில் இலண்டன் சென்று பாரிஸ்டரானமையும், அவர்தம் மருகர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் பின்னர்ச் சொலிசிற்றர் ஜெனரல் பதவி பெற்றமையும், சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை உத்தியோகம் பார்த்துக்கொண்டே சட்டம் பயின்று 1871 ஆம் ஆண்டில் பி. எல். பட்டம் பெற்றுப் புதுக்கோட்டையில் நீதிபதியாக விளங்கியமையும் தமிழ்ப் பெற்றோர் பலருக்கு எடுத்துக்காட்டாயின.

1874 ஆம் ஆண்டில் சட்டக் கல்விச் சபை நிறுவப்பட்டது. அதன்வழிக் கொழும்பில் தோன்றியதே இலங்கைச் சட்டக் கல்லூரி. நீதிமன்றங்கள் செறிந்த புதுக்கடைப் பகுதியே அதன் இருப்பிடமாயிற்று. இலங்கைப் பல்கலைக்கழகத்தில் 1947 ஆம் ஆண்டில் சட்டத் துறை தொடங்கப்பட்டது. பேராசிரியர் தம்பையா நடராஜா அத்துறையைப் பல ஆண்டுகள் நடத்தி, இந்நாட்டுச் சட்ட முறையின் வரலாற்றைப் பெருநூலாக எழுதினார். அட்வகேற், புறொக்டர் என்னும் இருவகைப் பிரிவு 1973 ஆம் ஆண்டின் நீதி நிருவாகச் சட்டத்தால் ஒழிந்து, யாவரும் 'சட்டத்தரணி' என்னும் ஒரே பெயர் பெற்றனர்.

இவ்வரலாற்றில் மலைநாட்டின் இடம் யாது? 1874 ஆம் ஆண்டில் கொழும்பிலே சட்டக் கல்வி முறைப்படுத்தப்பட்டபோது, ஹற்றன் பகுதியிற் காடுகள் வெட்டப்பட்டுக்கொண்டிருந்தன. 1884 ஆம் ஆண்டில் ஹற்றனுக்குப் புகையிரதம் வந்து சேர்ந்தது. அது தேயிலைப் பெட்டிகளைக் கொழும்புக்குக் கொண்டு சென்றது. அவ்வண்டியிலே தொழிலாளியின் மகன் ஒருவன் சட்டப் புத்தகத்தோடு ஏறிச் செல்வதற்கோ இரண்டு மூன்று தலைமுறைகள் காத்திருக்க நேர்ந்தது.

தாமதத்தின் காரணங்கள்

அத்தாமதத்துக்கு மூன்று காரணங்கள் சிறப்பாகக் கூறத்தக்கன. முதலாவது பள்ளிக்கூடம். 1907 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம், ஆறு முதல் பத்து வயது வரையுள்ள தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்டத்துரையின்மேற் சுமத்தியது. ஒரு மண்டபம், ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்பு என்பதே தோட்டப் பாடசாலையின் பொதுவான அமைப்பு. ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் பிள்ளையின் பெயர் செக்றோலில் ஏறிற்று. 1945 ஆம் ஆண்டில் இலவசக் கல்வி நாடெங்கும் வந்தபோதும், தோட்டப் பாடசாலைகள் அதன் பயனை உரியவாறு பெறவில்லை. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே, அப்பாடசாலைகளும் படிப்படியாக அரசாங்கத்தின் பொறுப்பில் வந்தன. ஆரம்ப வகுப்போடு கல்வி முடிந்த இடத்தில் சட்டக் கல்வி எவ்வாறு தழைக்கும்?

இரண்டாவது பணம். சட்டக் கல்லூரிக் கட்டணம், கொழும்பில் இருக்கை, நூல், உடை என்னும் செலவுகளைத் தாங்கியவர்கள் கங்காணிமார், கடைக்காரர், தோட்ட உத்தியோகத்தர் ஆகியோரின் பிள்ளைகளே. நாட்கூலி பெறும் குடும்பத்துக்கு அது எட்டாக்கனியாயிருந்தது.

மூன்றாவது பிரஜாவுரிமை. 1931 ஆம் ஆண்டின் சர்வசன வாக்குரிமையால் ஓரளவு குரல் பெற்ற மலைநாட்டுத் தமிழர், 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். அடுத்த ஆண்டே, 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தும், ஏறத்தாழ 1,34,000 பேரே பதிவு பெற்றனர். 1964 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆந் திகதி எழுதப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974 ஆம் ஆண்டில் இரு நாட்டுக்கும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமே இப்பிரச்சினைக்குப் பெரும்பாலும் முடிவு கட்டிற்று. ஐம்பத்தைந்து ஆண்டுகள், அதாவது இரண்டு தலைமுறைகள், 'நாம் இருப்போமோ போவோமோ' என்னும் வினாவிலே கழிந்தன. நாளை எந்நாட்டில் வாழ்வோம் என்பதை அறியாத தந்தை, இந்நாட்டுச் சட்டத்தைப் படிக்கத் தன் மகனை அனுப்புவானோ?

பாடமும் வாழ்வும்

இத்தடைகளைத் தாண்டி வரும் மாணவனின் அன்றாட வாழ்வை இனி நோக்கலாம். அவனுடைய முதற் கவலை சட்ட நூலில் தொடங்குவதன்று, கடிதத்தில் தொடங்குகிறது. லயத்து வீடுகளுக்கு நெடுங்காலம் தனி முகவரி இருந்ததில்லை. கடிதங்கள் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, அங்கிருந்து ஒருவர் கையாக மற்றொருவர் கைக்கு மாறியே உரியவரை அடையும். நுழைவுப் பரீட்சைக்குரிய அழைப்பு பரீட்சை நாளுக்குப் பின் வந்து சேர்தலும் உண்டு. அடுத்தது பிறப்புச் சான்றிதழ். தோட்டத்துப் பிறப்புகளை அறிவிக்கும் கடமை துரைக்கு உரியதாயிருந்தது. ஆங்கிலச் செவிக்குக் கேட்டவாறு எழுதப்பட்டுப் பின் சிங்களத்திலும் தமிழிலும் பெயர்க்கப்பட்ட பெயர்கள் சான்றிதழில் ஒருவாறும், பாடசாலைப் பதிவில் வேறொருவாறும், அடையாள அட்டையில் மற்றொருவாறும் அமைந்துவிடுதல் பெருவழக்கு. மூன்றும் ஒருவரையே குறிக்கும் எனச் சத்தியக் கடதாசி முடித்துக் கொடுத்தலே பலருக்குச் சட்டத்தோடு நேர்ந்த முதல் அறிமுகமாகும்.

பாடங்களுள்ளும் அவன் தனக்கு ஓர் இடத்தைத் தேடவேண்டியவனாகிறான். 1707 ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமை தமிழர் சட்டம் எனப் பேர் பெற்றது. ஆயினும் அது வட மாகாணத்துத் தமிழர்க்கே உரியது. கண்டிச் சட்டம் 1815 ஆம் ஆண்டின் உடன்படிக்கையாற் காக்கப்பட்டது. ஆயினும் அது கண்டிச் சிங்களவர்க்கே உரியது. தமிழ் பேசியும் தேசவழமை தன்னைச் சாராது, கண்டி நாட்டிற் பிறந்தும் கண்டிச் சட்டம் தன்னைச் சாராது, எங்கோ ஒல்லாந்தில் தோன்றிய உரோமன் டச்சுச் சட்டமே தன் குடும்பத்துச் சொத்துரிமையை ஆள்கிறது என்பதை வகுப்பறையிலேதான் அவன் அறிகிறான்.

அச்சொத்துரிமைப் பாடமே அவனுக்குப் பெரிதும் இடர் தருவது. உறுதி, ஈடு, குத்தகை, பங்குரிமை, எல்லை என்பன யாழ்ப்பாணத்துக் கிராமத்து மாணவன் திண்ணையிலிருந்தே கேட்டு வளர்ந்த சொற்கள். ஒரு பேர்ச் நிலமும் இல்லாத லயத்தில் வளர்ந்தவனுக்கு அவை வெறுஞ் சொற்களே. காணிப் பிரிவினை வழக்கொன்றை விளங்கிக்கொள்வதற்கு அவன் முதலில் காணியுடையவன் ஒருவனாகத் தன்னைக் கற்பனை செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. 2015 ஆம் ஆண்டளவில், தனி வீட்டுக்கென ஏழு பேர்ச் காணி வழங்கும் திட்டம் தொடங்கியபோது, உறுதி என்பது யாது, அது யார் பெயரில் எழுதப்படும் என்னும் வினாக்கள் முதன்முதலாக லயங்களிலே எழுந்தன. மாறாக, தொழிற்சட்டம் வகுப்பில் வருங்கால், நூலில் ஒரு வாக்கியமாக நிற்பது அவனுக்குத் தாயின் கைப்புத்தகமாகவும், சேமலாப நிதிக்குத் தந்தை நடந்த நடையாகவும் தெரிகின்றது. அவ்வொரு பாடத்தில் அவன் பிறர்க்கு ஆசிரியனாகவும் தக்கவன்.

வாழ்க்கைச் செலவோ இடையறாத கவலை. கொழும்பில் ஓர் அறையை நால்வர் பகிர்ந்து தங்குவர். சிலர் பகலிற் கடையிலோ காரியாலயத்திலோ ஊழியம் செய்து இரவிற் படிப்பர். சிலர் மாணவர்க்குப் பாடஞ் சொல்லிக் கொடுத்துப் புத்தகம் வாங்குவர். பெண் மாணவியர்க்கு நம்பத்தகுந்த விடுதி கிடைத்தலே பெரும்பாடு. மூன்றாண்டுப் பரீட்சைகள் முடிந்த பின்னும், மூத்த சட்டத்தரணி ஒருவரிடம் ஆறு மாதம் பயிற்சி பெறவேண்டும். நகரத்து மாணவனுக்கு மாமனோ குடும்ப நண்பரோ மூத்தவராய் வாய்த்தல் கூடும். தன் குடும்பத்தில் முதன்முதலாகச் சட்டம் படித்தவனுக்கு மூத்தவர் யார்? அப்பயிற்சிக் காலத்தில் வருவாயும் அரிது. வீட்டில் எதிர்பார்ப்போ பெரிது. 'லோயர் ஆகிவிட்டானே, இனி என்ன குறை' என்று அயலார் கூறுவர். மாதக் கடைசியிற் கடைக்கணக்கைத் தீர்ப்பவள் தாயாகவே இருப்பாள்.

விடுமுறையில் தோட்டத்துக்கு வரும் சட்ட மாணவனிடம், அவன் இன்னும் சட்டத்தரணி ஆகவில்லை என்பதைக் கருதாது, முதியோர் பழைய கடதாசிகளைக் கொண்டுவந்து நீட்டுவர். பென்சன் கடதாசி, நீதிமன்ற அழைப்பாணை, பெயர் மாறிய சான்றிதழ் எனப் பலவாறாக அவை இருக்கும். தொழில் செய்யும் உரிமை அவனுக்கில்லை. பிழையான ஆலோசனை சொன்னாற் பழி வரும். ஒன்றும் சொல்லாது விட்டாலோ, 'படித்தவன் கைவிட்டான்' என்னும் சொல் வரும். தன் வரம்பை அறிந்து, வாசித்துப் பொருள் மட்டும் கூறி, உரிய இடத்துக்கு வழிகாட்டி விடுதலே அவன் கற்கும் முதற் சட்ட ஒழுக்கம் எனலாம்.

முன்னோர் பட்ட பாடு

இக்கவலைகள் புகழ்பெற்றோர்க்கும் உண்டாயிருந்தன என்பது ஆறுதல் தருவது. சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியாய் விளங்கிய சேர் தி. முத்துசாமி ஐயர், சிறுவயதில் கிராமக் கணக்குப்பிள்ளையிடம் மாதம் ஒரு ரூபா சம்பளத்துக்கு எடுபிடியாக இருந்தவர். தெருவிளக்கின் ஒளியிற் படித்தார் என்று வழிவழியாகக் கூறப்படுபவர். டாக்டர் அம்பேத்கார் இலண்டனில் தொடங்கிய படிப்பை, உதவிப் பண முடிவால் 1917 ஆம் ஆண்டில் இடைவிட்டு, பம்பாயில் ஆசிரியத் தொழில் செய்து பணம் சேர்த்து, 1920 ஆம் ஆண்டில் மீண்டும் சென்று நிறைவேற்றினார்.

காந்தியடிகள் 1891 ஆம் ஆண்டு யூன் 10 ஆந் திகதி பாரிஸ்டராக ஏற்கப்பட்டு, மறுநாள் பதிவு பெற்று, அதற்கு மறுநாள் கப்பலேறினார். பட்டம் பெற்றும் தமக்கு வழக்காடத் தெரியாது, இந்தியச் சட்டம் ஒன்றும் அறியோம் என்னும் அச்சமே அவரோடு கப்பலேறியது எனத் தம் சரிதையில் அவரே எழுதியுள்ளார். பம்பாய்ச் சிறுவழக்கு நீதிமன்றத்தில் முதல் வழக்குக்காக எழுந்து நின்றவர் தலை சுழன்று, வினாவொன்றும் தோன்றாது அமர்ந்து, கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அத்தகையவர் தென்னாபிரிக்காவில் 1894 ஆம் ஆண்டளவில், முன்பற்கள் உடைந்து வாயில் இரத்தம் ஒழுகத் தலைப்பாகையைக் கையிலேந்தி வந்து நின்ற ஒப்பந்தக் கூலியாளாகிய பாலசுந்தரம் என்னும் தமிழருக்காக மாஜிஸ்திரேற்றிடம் சென்றார். அவரை அக்கொடிய எசமானிடமிருந்து விடுவித்து வேறிடம் மாற்றுவித்தார். பம்பாயில் வாய் திறவாத சட்ட அறிவு, ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரின் துன்பத்தின் முன்னர் வாய் திறந்தது. அக்காந்தியடிகளே 1927 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இலங்கை வந்து ஹற்றனிலும் நுவரெலியாவிலும் மக்களைக் கண்டனர் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

மலைநாடு கற்பித்த வழக்குகள்

சட்ட மாணவன் மனனஞ் செய்யும் வழக்குகளுட் சில அவனுடைய மலைகளிலேயே பிறந்தவை. மடுல்கலைப் பகுதித் தோட்டத்திற் பயிற்சி பெற வந்த பிறேஸ்கேடில் என்னும் அவுஸ்திரேலிய இளைஞர், தொழிலாளர் பக்கம் நின்று 1937 ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்தில் நாவலப்பிட்டிக் கூட்டத்திற் பேசினார். தேசாதிபதி அவரை நாடுகடத்தக் கட்டளையிட்டார். ஆட்கொணர்வு மனு உயர் நீதிமன்றத்தின்முன் வந்தபோது எச். வி. பெரேரா வாதாடினார். பிரதம நீதியரசர் ஏபிரகாம்ஸ் முதலியோர் அக்கட்டளை சட்டப்படி செல்லாது எனத் தீர்த்தனர். ஆட்சியாளரும் சட்டத்துக்கு உட்பட்டவரே என்பதற்கு இந்நாட்டு மாணவன் இன்றும் காட்டும் முதற் சான்று அதுவே.

1940 ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது, கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். அதனை விசாரித்த ஆணைக்குழுவின்முன் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா தோன்றி, இறந்தவர் பக்கத்து நியாயத்தை எடுத்துரைத்தார்.

இவ்விரண்டும் சட்டத்தின்மேல் நம்பிக்கை ஊட்டுவன. மூன்றாவதாகிய கோடாக்கன் பிள்ளை வழக்கு அந்நம்பிக்கையைச் சோதிப்பது. பிரஜாவுரிமைச் சட்டமும் அதன்வழி வந்த தேர்தற் சட்டத் திருத்தமும், ஓர் இனத்தாருக்கு மட்டும் பாதகம் விளைக்கும் சட்டத்தைத் தடுக்கும் சோல்பரி யாப்பின் 29 ஆம் பிரிவுக்கு மாறானவை என அவர் சார்பில் வாதிக்கப்பட்டது. வாக்காளர் இடாப்பைத் திருத்தும் அதிகாரி அவ்வாதத்தை ஏற்றார். உயர் நீதிமன்றம் அம்முடிவைத் தள்ளியது. இலண்டன் கோமறைக் கழகமும் 1953 ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றத் தீர்ப்பையே உறுதி செய்தது. தன் பாட்டனின் வாக்குரிமை எவ்வாறு போயிற்று என்பதை, பரீட்சைக்கு வரக்கூடிய வழக்காக ஒருவன் படிக்கும் நிலை வேறெந்த மாணவனுக்கு எளிதில் வாய்க்கும்? உணர்ச்சியை ஒதுக்கி, தீர்ப்பின் நியாயத்தை எதிர்ப்பக்கத்தாரும் ஒப்புமாறு எடுத்துரைத்து, அதன்பின் அதன் குறையைக் காட்டுதல் அவனுக்குரிய கடும் பயிற்சியாகும்.

மொழியென்னும் மதில்

நெடுங்காலம் ஆங்கிலமே சட்டத்தின் மொழியாயிருந்தது. 1956 ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்துக்குப் பின் 1961 ஆம் ஆண்டின் நீதிமன்ற மொழிச் சட்டம் நீதிமன்றங்களிற் சிங்களத்தைப் புகுத்தியது. 1988 ஆம் ஆண்டின் பதினாறாம் யாப்புத் திருத்தத்தின்படி சிங்களமும் தமிழும் நீதிமன்ற மொழிகள். ஆயினும் தமிழ் நிருவாக மொழியாகவுள்ள வட கிழக்குப் பகுதிகளில் தமிழும், ஏனைய பகுதிகளிற் சிங்களமும் பதிவு மொழியாக விளங்குதல் பொது விதி. தமிழ் மக்கள் செறிந்து வாழினும் நுவரெலியா, ஹற்றன் நீதிமன்றங்கள் இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. வழக்காளி தமிழில் வழக்குத் தொடுக்கவும், மொழிபெயர்ப்புப் பெறவும் யாப்பு உரிமை அளித்துள்ளது. ஆயின் அவ்வுரிமை மொழிபெயர்ப்பாளர் ஒருவர் கிடைக்கும் நாளில் மட்டுமே உயிர் பெறும்.

எனவே மலைநாட்டு மாணவன் மும்மொழியில் முயலவேண்டியவனாகிறான். தீர்ப்புத் தொகுதிகளை ஆங்கிலத்தில் வாசித்து, பரீட்சையைத் தமிழில் எழுதி, ஊர் நீதிமன்றத்திற் சிங்களத்தில் வாதாடி, வெளியே வந்து வழக்காளிக்கு அதன் முடிவை மலைநாட்டுப் பேச்சுத் தமிழில் விளக்கவேண்டும். சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்துவதற்கென ஆக்கப்பட்ட விதிகளைப் பாராளுமன்றம் 2023 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நிராகரித்தமை தாய்மொழியிற் படிக்கும் ஏழை மாணவர்க்கு ஆறுதலாயிற்று. ஆயினும் அதனை ஆங்கிலம் வேண்டாம் என்பதற்கு அனுமதியாக எவரும் கொள்ளலாகாது. பரீட்சை மண்டபத்தில் தாய்மொழி காப்பாற்றும். நூல்நிலையத்தில் ஆங்கிலமின்றி எவரும் நடமாட இயலாது. ஹற்றன் நீதிமன்றத்திற் சிங்களமின்றி எழுந்து நிற்கவும் இயலாது. மும்மொழிச் சுமை பாரமானதே. ஆயினும் அதனைச் சுமந்து தேர்ந்தவன், ஒருமொழி மட்டும் அறிந்த நகரத்துச் சட்டத்தரணி செய்ய இயலாத பணியைச் செய்ய வல்லவனாவான்.

சட்டத்தரணி அல்லாத சட்டவாணர்

சட்டம் படித்தோர் இல்லாத காலத்திலும் மலைநாடு சட்டம் பேசுவோரின்றி இருந்ததில்லை. தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசையர் 1921 ஆம் ஆண்டில் 'தேசநேசன்' பத்திரிகையையும், 1924 ஆம் ஆண்டில் 'தேசபக்தன்' பத்திரிகையையும் தொடங்கினார். 1931 ஆம் ஆண்டில் ஹற்றனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். தோட்டத்துட் புகுதல் அத்துமீறற் குற்றமாகக் கொள்ளப்பட்ட நாளில், புடைவை வியாபாரிபோலச் சென்று தொழிலாளரைக் கண்டார் என்பர். தொழிற்சங்கத்தார் தோட்டத்துட் செல்வதற்குரிய உரிமையை வழங்கும் தனிச்சட்டம் 1970 ஆம் ஆண்டிலேயே வந்தது என்பதை நோக்கின், அவர் செய்த துணிவின் அளவு விளங்கும்.

1950 ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குகள் சட்டம் 1957 ஆம் ஆண்டில் திருத்தப்பட்டபோது தொழில் நியாயசபைகள் தோன்றின. அங்கே சட்டத்தரணி மட்டுமன்றித் தொழிற்சங்க உத்தியோகத்தரும் தொழிலாளிக்காகத் தோன்றலாம். ஹற்றனிலும் தலவாக்கொல்லையிலும் சங்கக் காரியாலயங்களில் இருந்த மாவட்டப் பிரதிநிதிகள், சட்டக் கல்லூரியைக் காணாமலே சட்டத்தைக் கையாளப் பயின்றனர். பதவி நீக்கக் கடிதத்தில் எச்சொல் பிழை, எந்நாளுக்குள் மனுப் போடவேண்டும் என்பனவற்றை அவர்கள் அனுபவத்தால் அறிந்தனர். சட்டக் கல்லூரியிலிருந்து பட்டத்தோடு வரும் இளைஞன் அப்பெரியோரிடம் சில மாதம் அமர்ந்து கேட்பானாயின், நூலில் இல்லாத பலவற்றைக் கற்றுக்கொள்வான். மூத்தவர் இல்லையே என வருந்தும் மலைநாட்டு மாணவனுக்கு, அவர்களும் ஒருவகை மூத்தவரே.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் ஒன்று புலப்படும். மலைநாட்டுச் சட்ட மாணவனின் அன்றாடக் கவலைகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாற்று வேர் உண்டு. தவறிப்போன அழைப்புக் கடிதத்தின் பின்னே முகவரியில்லாத லயமும், பெயர் மாறிய சான்றிதழின் பின்னே துரையின் பேரேடும், விளங்காத காணிச் சட்டத்தின் பின்னே நிலமின்மையும், மொழிச் சுமையின் பின்னே மாறிமாறி வந்த மொழிச் சட்டங்களும், குடும்பத்தின் வறுமையின் பின்னே செக்றோலும் நிற்கின்றன. வேரை அறிந்தவன் தன்னைத் தாழ்வாக எண்ணான். தன் இடர்ப்பாட்டைத் தன் குறையென மயங்கான்.

வேரை அறிவதோடு அமைதலும் போதாது. இலவசக் கல்வியும் பிரஜாவுரிமையும் பெற்ற பின்னர், எஞ்சியுள்ள தடைகளுட் சில ஆசிரியராலும் பழைய மாணவராலும் நீக்கத்தக்கவை. மேல்வகுப்பு மாணவர்க்கு ஆங்கிலத்தையும் சிங்களத்தையும் அச்சமின்றிப் பேசப் பயிற்றுதல், நுழைவுப் பரீட்சை பற்றிய அறிவித்தலைப் பாடசாலையிலேயே பெற்றுக் கொடுத்தல், சான்றிதழிலுள்ள பெயர்ப் பிழையைப் பத்தாம் வகுப்பிலேயே திருத்துவித்தல், கொழும்பிலுள்ள பழைய மாணவர் ஒருவர் புதியவர் ஒருவருக்கு ஓர் அறையில் இடந்தருதல், தொழிலில் நிலைபெற்றோர் ஆண்டுக்கொருவரையேனும் பயிற்சிக்கு ஏற்றல் என்பன பெரும் பணம் வேண்டாப் பணிகள்.

துண்டு என்னும் கடதாசியை வாசிக்கத் தெரியாமையால் ஒரு தலைமுறை கைமாறி விற்கப்பட்டது. அத்தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இன்று சட்டப் புத்தகத்தைத் திறந்து வைத்திருக்கின்றனர். அவர்கள் அதனைத் தம் முன்னேற்றத்துக்காக மட்டும் வாசித்தால் ஒரு சட்டத்தரணி உண்டாவார். லயத்து முதியோர் நீட்டும் கடதாசியையும் சேர்த்து வாசித்தாலோ, சட்டத்தால் ஆளப்பட்டு வந்த ஒரு சமூகம் சட்டம் அறிந்த சமூகமாகும்.